பூந்தொட்டியில் வந்த புழுப்பாம்புக்குச் சரியான பெயர் எழுதுவது எப்படி?

மழைக்காலத்தில் குளியலறைத் தரையிலோ பூந்தொட்டியின் அடியிலோ கரும்பழுப்பாக மினுங்கிக்கொண்டு ஒன்று நெளியும். கனம் ஒரு பேனா ரீஃபில் அளவுதான். ஒருவர் மண்புழு என்பார், இன்னொருவர் நல்லபாம்புக் குட்டி என்பார், பெரியவர்கள் இருந்தால் "செவிப்பாம்பு, காதுக்குள்ள பூந்துடும்" என்று துடைப்பத்தை எடுத்துவிடுவார்கள். யாராவது படம் எடுத்து இணையத்தில் போட்டால் சில நிமிடத்தில் ஓர் அறிவியல் பெயர் பதிலாக வந்துவிடும்: இண்டோடிஃப்ளாப்ஸ் பிராமினஸ். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும். ஆனால் அந்தப் படத்தைப் பார்த்தால் ஒரு பழுப்புக் கம்பிதான் தெரியும், பெயரை உறுதிசெய்யத் தேவையான ஒன்றுமே அதில் இருக்காது.

நீங்களே பார்த்து, எண்ணி, பெயர் எழுதுவதற்கான வழி இது. பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ் ஒன்று, மேக்ரோ படம் எடுக்கக்கூடிய கைபேசி ஒன்று, பொறுமை கொஞ்சம், இவ்வளவு போதும்.

முதலில், இது பாம்புதானா?

நாக்கைப் பாருங்கள். புழுப்பாம்பு நகரும்போது சின்ன நாக்கை வெளியே நீட்டி நீட்டி இழுக்கும். மண்புழுவுக்கு நாக்கு கிடையாது. மண்புழுவின் உடல் வளையம் வளையமாக, ஈரப் பிசுபிசுப்போடு இருக்கும். புழுப்பாம்பின் உடல் உலர்ந்து, மெருகு போட்டதுபோல் பளபளக்கும். தலையில் கண் இருக்கிறதா என்று தேடினால் செதிலுக்கு அடியில் இரண்டு கரும்புள்ளிகள் தெரியும். வெளிச்சம், இருட்டு என்ற அளவுக்கு மேல் அந்தக் கண்ணுக்கு வேலை இல்லை.

எந்தப் பக்கம் தலை என்பதில் எல்லோருக்கும் குழப்பம் வரும். வால் நுனியில் குட்டியாக ஒரு முள் இருக்கும், அது வால். கையில் எடுத்தால் அந்த முள்ளால் தோலை அழுத்தும். கடித்துவிட்டது, கொட்டிவிட்டது என்று கையை உதறுகிறவர்கள் உணர்வது இதைத்தான். விஷம் கிடையாது. எறும்பின் முட்டை, புழு, கூட்டுப்புழு, கூடவே கரையான் ஆகியவற்றைத் தின்று வாழும் பிராணி இது. காதுக்குள் போகும் கதைக்கு எந்த ஆதாரமும் இல்லை.

அடுத்து வயிற்றைப் பாருங்கள். சாரை, நாகம், விரியன் எதுவானாலும் வயிற்றில் குறுக்கே அகலமான பட்டைச் செதில்கள் இருக்கும். புழுப்பாம்புக்கு அந்தப் பட்டை இல்லை. முதுகிலும் வயிற்றிலும் ஒரே அளவுச் செதில்கள்தான் உடலைச் சுற்றி ஓடும். இந்த ஒரு அடையாளம் போதும், உங்கள் கையில் இருப்பது நல்லபாம்புக் குட்டி இல்லை என்று வீட்டில் தைரியமாகச் சொல்லலாம். மலைப்பகுதியில் இருப்பவர்கள் மட்டும் இன்னும் இரண்டை விலக்க வேண்டும். கேடயவால் பாம்புகளுக்கு வயிற்றுச் செதில் சற்றே அகலமாக இருக்கும், வால் சீவிவிட்டதுபோல் முடியும். சிசிலியன் என்ற காலில்லாத நீர்நிலவாழ்வி ஈரத் தோலோடு, வளையங்களோடு இருக்கும்.

படம் எடுக்கும் முறை

கண்ணாடிபோல் தெளிவான ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் துளி ஈரத்தோடு பாம்பை விடுங்கள். வெயிலில் வைக்காதீர்கள், சீக்கிரம் உலர்ந்து செத்துப்போகும். டப்பாவின் மூலையில் அது ஒதுங்கும்போது படம் எடுப்பது எளிது. தேவையான கோணங்கள் இவை: தலை மேலிருந்து, தலை பக்கவாட்டிலிருந்து, தலை கீழிருந்து, நடு உடல் மேலும் கீழும், வால் நுனி. நீளம் தெரிய அருகில் ஓர் அளவுகோல் வையுங்கள். பக்கவாட்டுத் தலைப்படம்தான் எல்லாவற்றிலும் முக்கியம். அது மங்கலாக இருந்தால் மற்ற படங்கள் எத்தனை இருந்தும் இனத்தை உறுதிசெய்ய முடியாது.

தோலுரிக்கப் போகும் சமயத்தில் உடல் பால் கலந்த நீலமாக மாறிவிடும். அந்த நிறத்தைப் பார்த்து அபூர்வ இனம் என்று அறிவித்துவிடாதீர்கள். இந்தக் கூட்டத்தில் நிறத்தை நம்பி எதையும் முடிவு செய்யக் கூடாது.

சாக்கடைக் குழியில் செத்துக் கிடப்பது கிடைத்தால் எண்ணுவதற்கு அதுவே வசதி. உயிரோடு இருப்பதைப் பெயர் தெரிய வேண்டும் என்பதற்காகக் கொல்ல வேண்டியதில்லை. ஆய்வுக்காகக் காட்டில் உயிரினங்களைச் சேகரிக்க வனத்துறை அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

குடும்பத்தைக் கண்டுபிடித்தல்

புழுப்பாம்பு போன்ற குருட்டுப் பாம்புகள் எல்லாவற்றையும் சேர்த்து ஸ்கோலிகோஃபிடியா என்பார்கள். அதற்குள் ஐந்து குடும்பங்கள். ஒன்று தென், மத்திய அமெரிக்காவில், ஒன்று மடகாஸ்கரில். அவற்றை மறந்துவிடலாம். மீதி மூன்று இந்தியாவில் உண்டு.

லெப்டோடிஃப்லாப்பிடே குடும்பத்துக்கு உடலைச் சுற்றி 14 செதில் வரிசைகள், பல் கீழ்த்தாடையில் மட்டும். இந்தியாவில் இவை வடமேற்கின் வறண்ட பகுதிகளில் இருப்பவை. ஜெரோபிலிடே குடும்பத்தின் தலைச் செதில்களில் பொடிப்பொடியாகச் சுரப்பிப் புடைப்புகள் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் இதன் இனங்கள் உண்டு. 2010இல்தான் இதைத் தனிக் குடும்பமாகப் பிரித்தார்கள், அதனால் பழைய புத்தகங்களில் இந்தப் பெயரே இருக்காது. மூன்றாவது டிஃப்லாப்பிடே. பல் மேல்தாடையில் மட்டும், தலைச் செதில்கள் வழவழப்பு, செதில் வரிசைகள் 14க்கு மேல். சமவெளி வீட்டுத் தோட்டத்தில் கிடைப்பது ஏறக்குறைய எப்போதும் இந்தக் குடும்பம்தான்.

உயிருள்ள பாம்பின் வாயைத் திறந்து பல் பார்க்க முயலாதீர்கள். வாய் அவ்வளவு சிறியது, தாடை உடைந்துவிடும். செதிலை எண்ணினால் போதும்.

எண்ணுதல்: இருபது வர வேண்டும்

தலையிலிருந்து வால்வரை பாதித் தொலைவில் ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். முதுகின் நடுவே ஓடும் வரிசை ஒன்று. அங்கிருந்து ஒரு பக்கமாக, ஒரு செதிலின் ஓரத்திலிருந்து அடுத்த வரிசையின் செதிலுக்குச் சாய்வாக இறங்கி எண்ணிக்கொண்டே வயிற்றின் நடு வரிசைக்கு வாருங்கள். பிராமினஸ் என்றால் நடுமுதுகு வரிசைக்கும் நடுவயிற்று வரிசைக்கும் இடையில் பக்கத்துக்கு ஒன்பது வரிசைகள் இருக்கும். இரண்டு பக்கமும் 18, நடு வரிசைகள் இரண்டு, ஆக 20. கழுத்தருகே எண்ணினாலும் வாலுக்கு முன்னால் எண்ணினாலும் அதே 20 வரும் என்பது இன்னொரு உறுதி.

18 வந்தால் ஒருமுறைக்கு இருமுறை எண்ணுங்கள். அப்போதும் 18தான் என்றால் அது பிராமினஸ் இல்லை. இந்தியாவில் 18 வரிசை கொண்ட இனங்கள் உண்டு. ஸ்டோலிச்கா என்ற ஆய்வாளர் 1871இல் பெயரிட்ட போரெக்டஸ் அதில் ஒன்று, இன்னும் ஒல்லியாக நூல்போல் இருக்கும். 24க்கு மேல் போனால், கூடவே மூக்கு கிளி அலகுபோல் வளைந்து, பாம்பும் தடித்து நீண்டிருந்தால் அது க்ரிப்போடிஃப்ளாப்ஸ் அக்யூட்டஸ். அது இரண்டடி நீளம்வரை வளரும். பிராமினஸ் வழக்கமாக ஒரு சாணைத் தாண்டாது.

மூக்கருகே ஒரு கோடு

இருபது வந்ததும் வேலை முடியவில்லை, இருபது வரிசை கொண்ட வேறு இனங்களும் இருக்கின்றன. இப்போது பக்கவாட்டுத் தலைப்படத்தைப் பெரிதாக்குங்கள். முகத்தின் நுனியில் மேலிருந்து கீழ் இறங்கும் பெரிய செதில் மூக்குநுனிச் செதில். அதற்குப் பின்னால் நாசித்துளை இருக்கும் நாசிச் செதில், அதன் பின்னால் கண்முன் செதில், பிறகு கண் மறைந்திருக்கும் கண்செதில். கீழே வாயோரமாக மேலுதட்டுச் செதில்கள் நான்கு.

நாசித்துளையிலிருந்து கீழ்நோக்கி ஒரு மெல்லிய கோடு புறப்படும், நாசிச் செதிலை இரண்டாகப் பிளக்கும் தையல் அது. அந்தக் கோடு எங்கே போய் முட்டுகிறது? மற்ற பல இனங்களில் மேலுதட்டுச் செதிலில் போய் முடியும். பிராமினஸில் பின்பக்கமாக வளைந்து கண்முன் செதிலைத் தொடும். மேலே போகும் கோடும் பாதியில் நின்றுவிடாமல் மூக்குநுனிச் செதில்வரை எட்டி, நாசிச் செதிலை முழுதாகப் பிரித்துவிடும்.

இந்தக் கோடும் இருபதும் சேர்ந்தால் பெயரை எழுதலாம். இரண்டில் ஒன்று தெரியாவிட்டால் என்னைக் கேட்டால் டிஃப்லாப்பிடே என்று குடும்பப் பெயரோடு நிறுத்துவதுதான் நாணயம். முழுப் பெயர் எழுதிய நூறு மங்கல் படங்களைவிட, குடும்பத்தோடு நிறுத்திய ஒரு தெளிவான படம் பின்னால் வருகிற ஆய்வாளருக்கு அதிகம் உதவும்.

பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

முழுப் பெயர் இப்படி இருக்கும்: இண்டோடிஃப்ளாப்ஸ் பிராமினஸ் (டாடின், 1803). முதல் சொல் பேரினம், இரண்டாவது இனத்துக்கு உரியது, பிறகு பெயரிட்டவரும் ஆண்டும். அந்த அடைப்புக்குறி அலங்காரத்துக்கு இல்லை. பெயரிட்டவர் வேறொரு பேரினத்தில் வைத்தார், பின்னால் வந்தவர்கள் இடம் மாற்றினார்கள் என்பதற்கு அது அடையாளம். அடைப்புக்குறி இல்லாமல் இருந்தால், வைத்த பேரினத்திலேயே இன்றும் இருக்கிறது என்று பொருள்.

இந்தப் பாம்பை எங்கிருந்து எங்கே மாற்றினார்கள் என்பது சுவாரசியமான கதை. கிழக்கிந்தியக் கம்பெனியில் இயற்கை ஆய்வாளராக இருந்த மருத்துவர் பேட்ரிக் ரஸ்ஸல், சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றி 1796இல் படங்களோடு ஒரு பெரிய நூல் வெளியிட்டார். அதில் 43ஆவது படம் விசாகப்பட்டினத்துப் புழுப்பாம்பு. லத்தீன் பெயர் வைக்கவில்லை, அவ்வூரார் சொன்னதையே காதில் விழுந்தபடி எழுதிவைத்தார்: "ரொண்டூ தலூலூ பாம்". தெலுங்கில் இரண்டு தலைப் பாம்பு. பாரீஸில் இருந்த டாடின், ரஸ்ஸலின் படத்தையும் குறிப்பையும் அடிப்படையாகக் கொண்டு 1803இல் எரிக்ஸ் பிராமினஸ் என்று பெயரிட்டார். எரிக்ஸ் என்பது நம் ஊர் இருதலை மணியனின் பேரினம். விசாகப்பட்டினத்து மக்களும் பாரீஸ் அறிஞரும் மழுங்கிய வாலைப் பார்த்துக் கிட்டத்தட்ட ஒரே முடிவுக்கு வந்திருக்கிறார்கள்!

படத்தை வைத்துப் பெயரிடுவது செல்லுமா என்று கேட்பீர்கள். செல்லும். விலங்குப் பெயரிடல் விதிகளின்படி, படத்தில் வரையப்பட்ட அந்த உயிரிதான் வகைமாதிரி, அதாவது அந்தப் பெயர் கட்டப்பட்டிருக்கும் உடல். அது பிடிபட்ட இடம் வகையிடம். அதனால்தான் இன்று டோக்கியோவிலோ மியாமியிலோ பிடித்த பிராமினஸுக்கும் வகையிடம் விசாகப்பட்டினம்.

எரிக்ஸில் அதிக நாள் இருக்கவில்லை. 19ஆம் நூற்றாண்டிலேயே டிஃப்ளாப்ஸ் பேரினத்துக்குப் போய், நூறாண்டுக்கு மேல் அங்கேயே இருந்தது. தாத்தா காலத்துப் பாம்புப் புத்தகங்களில் எல்லாம் டிஃப்ளாப்ஸ் பிராமினஸ்தான். 1974இல் டிஃப்லினா பேரினத்துக்கு மாற்றினார்கள். டிஃப்லினா லத்தீனில் பெண்பால், அதனால் பெயர் பிராமினா ஆயிற்று. 1980இல் ராம்ஃபோடிஃப்ளாப்ஸுக்குப் போனது, அது ஆண்பால் என்பதால் மறுபடி பிராமினஸ். தேடும்போது இரண்டு வடிவத்தையும் போட்டுத் தேடுங்கள், இல்லாவிட்டால் சில கட்டுரைகள் கண்ணிலேயே படாது.

ராம்ஃபோடிஃப்ளாப்ஸில் வைத்ததில் ஒரு வேடிக்கை இருந்தது. அந்தப் பேரினத்தைப் பிரித்துக் காட்டும் முதன்மை அடையாளம் ஆண் பாம்பின் இனப்பெருக்க உறுப்பின் அமைப்பு. பிராமினஸில் ஆணே கிடையாது! அத்தனையும் பெண். கலப்பே இல்லாமல் முட்டையிட்டுத் தாயின் நகலாகக் குஞ்சு பொரிக்கும். வழக்கமான இரண்டு தொகுதிக் குரோமோசோம்களுக்குப் பதில் மூன்று தொகுதி, மொத்தம் 42 என்று 1987இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. கலந்து இனம் பெருக்குபவை ஓர் இனம் என்று பள்ளியில் படித்தோமே, அந்த வரையறை இங்கே வேலைக்கே ஆகாது. செதிலும் மரபணுவும்தான் துணை.

ஒரே ஒரு பாம்பு போதும், ஒரு புதிய ஊரையே நிரப்பிவிடும் என்பது இதிலிருந்து வரும் விளைவு. நாற்று, தொட்டி மண், கப்பல் சரக்கு என்று உலகம் முழுக்கப் பரவிவிட்டது. ஹவாயில் 1930இல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த செடிகளின் மண்ணோடு இறங்கியது என்பார்கள். போன இடத்தில் எல்லாம் யாராவது அதைப் புது இனம் என்று நினைத்துப் பெயர் வைத்தார்கள். இலங்கையின் புழுப்பாம்புகளை ஆராய்ந்து 1947இல் வெத்தே, மால்கோமி, வயலேசியஸ் போன்ற இனங்களை விவரித்தவர் எட்வர்ட் டெய்லர். அத்தனை அனுபவம் உள்ளவர் 1969இல் இன்னொருவரோடு சேர்ந்து பசிபிக் தீவுகளிலிருந்து டிஃப்ளாப்ஸ் சூடோசாரஸ் என்று ஒன்றை விவரித்தார். அதுவும் பிராமினஸ்தான் என்று பிறகு முடிவானது. இப்படிப்பட்டவை இணைப்பெயர்கள். எத்தனை இருந்தாலும் மூத்த பெயருக்கே முதலிடம், 1803க்கு முன்னால் வேறு செல்லுபடியாகும் பெயர் இல்லாததால் பிராமினஸ் நிலைத்தது.

இந்த இணைப்பெயர்க் காட்டுக்குள் வழி தெரிய வேண்டுமானால் வான் வாலக் 2009இல் எழுதிய தொகுப்பைத் தேடிப் படியுங்கள். உடலமைப்பு, பெயர் வரலாறு, பரவல் எல்லாம் அதில் ஒரே இடத்தில் இருக்கிறது. வெளியானது சென்னை முதலைப் பண்ணை நடத்திய ஹமாட்ரியட் இதழில்.

இப்போது எந்தப் பேரினம் எழுதுவது?

2014இல் ஹெட்ஜஸும் கூட்டாளிகளும் மரபணுத் தரவை வைத்து டிஃப்லாப்பிடே குடும்பத்தையே கலைத்து அடுக்கினார்கள். டிஃப்ளாப்ஸ் கரீபியன் பகுதிப் பாம்புகளுக்கு மட்டும் என்று சுருங்கியது. நம் பகுதிச் சிறிய இனங்களுக்கு இண்டோடிஃப்ளாப்ஸ் என்ற புதிய பேரினம் வந்தது. அதே ஆண்டில் பைரனும் வாலக்கும் வெளியிட்ட பெரிய திருத்தமும் அந்தப் பேரினத்தை ஏற்றது. பழைய புத்தகம் வைத்திருப்பவர்கள் இப்படி மாற்றிக்கொள்ளலாம்: டிஃப்ளாப்ஸ் டயார்டை இன்று ஆர்கிரோஃபிஸ், டிஃப்ளாப்ஸ் பெடோமி இன்று ஜெரோபிலஸ், அலகு மூக்கு அக்யூட்டஸ் க்ரிப்போடிஃப்ளாப்ஸ், நம் தொட்டிப் பாம்பு இண்டோடிஃப்ளாப்ஸ்.

அத்தோடும் முடியவில்லை. 2020இல் வாலக் இதற்கு மட்டும் விர்கோடிஃப்ளாப்ஸ் என்று தனிப் பேரினம் முன்வைத்தார். இதற்குக் காரணம் புரிய ஒரு விதியைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒவ்வொரு பேரினப் பெயரும் ஓர் இனத்தோடு கட்டப்பட்டிருக்கும். இண்டோடிஃப்ளாப்ஸ் கட்டப்பட்டிருப்பது பம்மெசஸ் என்ற தென்னிந்தியப் புழுப்பாம்போடு. பம்மெசஸுக்கு நெருங்கிய சொந்தமாக இருக்கும்வரைதான் பிராமினஸ் அந்தப் பெயரில் இருக்கலாம். சொந்தம் இல்லை என்று நிரூபித்தால், உலகம் முழுக்கப் பிரபலமானது பிராமினஸ்தான் என்றாலும் அதுதான் வெளியேற வேண்டும், பம்மெசஸ் பெயரோடு இருந்துகொள்ளும்.

புதியவர்களுக்கு என் யோசனை: நீங்கள் பதிவிடும் தளம் எந்தப் பேரினத்தைப் பயன்படுத்துகிறதோ அதையே எழுதுங்கள், குறிப்பில் பிராமினஸ், டாடின் 1803 என்பதைத் தவறாமல் சேர்த்துவிடுங்கள். பேரினம் எத்தனை முறை மாறினாலும், பிராமினா என்பதுபோல் கடைசி எழுத்து மாறுவதைத் தவிர, இந்த இரண்டும் மாறாது, நாளைக்குத் தேடுபவர் இதைப் பிடித்துக்கொண்டு உங்கள் பதிவுக்கு வந்துசேர்வார். ரோமன் எழுத்தில் எழுதினால் பேரினத்தின் முதலெழுத்து மட்டும் பெரியது, இரண்டாம் சொல் முழுக்கச் சிறிய எழுத்து, இரண்டும் சாய்வெழுத்து. ஆசிரியர் பெயர் நேர் எழுத்து.

பதிவும், எண்ணிக்கை பொருந்தாதவையும்

ஐநேச்சுரலிஸ்ட், இந்தியப் பல்லுயிர்த் தளம் இரண்டிலும் இலவசமாகப் பதிவு செய்யலாம். ஊர், தேதி, கிடைத்த இடம், நீளம், செதில் வரிசை எண்ணிக்கை, நாசிக் கோடு முட்டும் இடம் எல்லாவற்றையும் எழுதுங்கள். "எண்ணவில்லை" என்பதும் ஒரு தகவல்தான், அதையும் எழுதலாம். படம் எடுத்ததும் பாம்பை நிழலான ஈர மண்ணில் விட்டுவிடுங்கள், ஒரு நொடியில் உள்ளே போய்விடும்.

பிராமினஸ் என்று உறுதியாகாத பதிவுகளுக்குத்தான் அதிக மதிப்பு. 18 வரிசை வந்தால், நாசிக் கோடு உதட்டுக்கு இறங்கினால், தலைச் செதிலில் புடைப்புகள் தெரிந்தால் அவசரப்பட்டுப் புது இனம் என்று எழுதிவிடாதீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலையிலும் இலங்கையிலும் மிகச் சில மாதிரிகளை வைத்தே விவரிக்கப்பட்ட இனங்கள் இருக்கின்றன, உங்கள் படம் அவற்றில் ஒன்றாக இருக்கலாம். செத்துக் கிடந்த உடல் என்றால் தூக்கி எறியாமல், இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்துக்குச் சென்னையில் இருக்கும் தென்மண்டல மையத்திலோ அருகில் உள்ள கல்லூரி விலங்கியல் துறையிலோ என்ன செய்யலாம் என்று கேளுங்கள். கேட்கும்போது கிடைத்த இடத்தையும் தேதியையும் பென்சிலால் ஒரு தாளில் எழுதி உடலோடு சேர்த்து வைத்திருங்கள். உடலைப் பாதுகாக்க ஊற்றும் சாராயத்தில் பேனா மை கரைந்துவிடும்.